கோயில் வாசல்ல உக்காந்துட்டு கோயில் நோட்ஸ் மனப்பாடம் பண்றோம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துல இருந்து எழுதுறேன். உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற போட்டித் தேர்வு பக்கத்தை விடாம படிக்கிறவ நான், வெட்டி எடுத்து ஃபைல்லயும் வெச்சிருக்கேன். அந்தப் பக்கத்தால எத்தனையோ பிள்ளைங்களுக்கு உதவி கெடைக்குதுங்கறத நேர்ல பாக்குறேன், அதனால இந்த லெட்டர குறை சொல்றதுக்குன்னு எடுத்துக்காதீங்க. ஆனா கலை பண்பாடு, தத்துவம்னு வந்தா மட்டும் அதுலயும் ஒருவரி கேள்வி ஒருவரி பதில்தான் வருது, தாராசுரம் கோயிலைக் கட்டினது யாரு, சாங்கியத் தத்துவத்தை உருவாக்கினது யாரு, இப்படி. சிவில் சர்வீஸ் தேர்வு நடத்துற யுபிஎஸ்சி இப்ப கேக்குறது அந்த மாதிரி இல்லைங்க. அதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், நீளமா போனா மன்னிச்சுக்குங்க, ஆனா தயவுசெஞ்சு முழுசா படிங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி. நாலு தடவை சிவில் சர்வீஸ் எழுதினேன், அதுல 2013லயும் 2018லயும் மெயின்ஸ் (ரெண்டாம் கட்ட எழுத்துத் தேர்வு) வரைக்கும் போனேன், இன்டர்வியூ வரல. ஆப்ஷனல், அதாவது விருப்பப் பாடம், தத்துவம். இப்ப ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், ஞாயித்துக்கிழமை காலைல லைப்ரரில ஒரு பதினஞ்சு பேர் சேந்து படிக்கிறோம். அதுல பாதிப்பேர் இந்த சுத்துவட்டார கிராமத்துப் பிள்ளைங்க, தமிழ்வழில படிச்சவங்க.

2013ல நான் மெயின்ஸ் எழுதினப்ப, ஜிஎஸ் (பொது அறிவு) முதல் பேப்பர்ல, ஆரம்பகால கல்வெட்டுகள்ல வர்ற தாண்டவ நடனம் பத்தி எழுதுன்னு ஒரு கேள்வி. சிதம்பரத்துக்கு வருஷம் தவறாம போற குடும்பம் எங்களது. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்துக்குள்ள (கருவறை மேல எழும்புற கட்டடம்) முதல் தளத்துல நூத்தியெட்டு கரணத்துல, அதாவது நடன நிலைல, எண்பத்தோரு கரணம் மட்டும் செதுக்கி முடிச்சுட்டு மிச்சத்துக்கு வெறும் கல்லா விட்டிருக்கறதை எங்க அப்பா சொல்லிச் சொல்லி வளந்தவ நான். அப்படியிருந்தும் அன்னைக்கு எக்ஸாம் ஹால்ல நான் எழுதினது என்ன தெரியுமா, சென்னைல ஒரு கோச்சிங் சென்டர்ல கொடுத்த நோட்ஸ்ல இருந்த ஏழு தாண்டவத்தோட பேரு. ஆனந்த தாண்டவம், சந்தியா தாண்டவம்னு வரிசையா பேரை எழுதிட்டு வந்துட்டேன். அந்த நடராஜர் உருவத்துல உடுக்கை படைத்தல், அபயக்கை காத்தல், தீ அழித்தல், ஊன்றின கால் மறைத்தல், தூக்கின கால் அருளல்னு அஞ்சு தொழிலையும் உண்மை விளக்கம்ங்கற சைவ சித்தாந்த நூல் ஒரே வெண்பால சொல்லுது. சின்ன வயசுல இருந்து எனக்கு அது தெரியும், ஆனா அது பரீட்சைக்கு ஆகும்னு அன்னைக்கு தோணவே இல்ல. நமக்கு தெரிஞ்சது வேற, பரீட்சை வேறன்னு ஒரு சுவரு மனசுக்குள்ள கட்டி வெச்சிருந்தோம். இன்னைக்கும் என்கிட்ட வர்ற பிள்ளைங்க மனசுலயும் அதே சுவரு இருக்கு, அதுதான் எனக்கு வேதனையா இருக்கு.

2023 பிரிலிம்ஸ்ல, அதாவது முதல் கட்டத் தேர்வுல, ஒரு கேள்வி வந்துச்சு. சங்கப் பாட்டுல வர்ற 'வட்டகிருதல்'ங்கற வழக்கம் என்னன்னு. கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தி ரெண்டுலதான் வரும்னு உங்களுக்குத் தெரியும், அதுல அந்த வார்த்தையை எழுதியிருந்த விதம் அப்படித்தான் வாசிக்க வந்துச்சு. எங்க குரூப்ல ஒரு பொண்ணு, தமிழ் இலக்கியம் படிச்சவ, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு பாத்து உக்காந்து பட்டினி கெடந்து, உயிர் விட்டதும், பாத்தே இருக்காத பிசிராந்தையார் கேள்விப்பட்டு வந்து கூட வடக்கிருந்ததும் அவளுக்கு அத்துப்படி. வெண்ணிப் போர்ல கரிகாலன்கிட்ட தோத்து முதுகுல புண்ணு பட்ட வெக்கத்துல சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததையும், அதை வெண்ணிக்குயத்தியார் கரிகாலன் முகத்துக்கு நேராவே, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையான்னு பாடினதையும் பாட்டோட சொல்லுவா. அப்படிப்பட்டவ அன்னைக்கு, வட்டமா உக்காந்து பேசுறதுன்னு நெனச்சு, கத்தறிந்தவங்க அரசவைல கூடி சமயம் தத்துவம் விவாதிக்கறதுன்னு இருந்த ஆப்ஷனை ஷேட் பண்ணிட்டு வந்துட்டா. தப்பான பதிலுக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போகும், ரெண்டு மார்க்கும் போச்சு. வெளியில வந்து, அது வடக்கிருத்தல்தான்னு விடையப் பாத்ததும் அவ அழுததை நான் மறக்க மாட்டேன், தெரியாம போயிருந்தா அழுதிருக்க மாட்டா, தெரிஞ்சதை அடையாளம் கண்டுபிடிக்க முடியலையேன்னுதான் அழுதா.

இதுக்கு அவ மேல தப்பு இல்லைங்க. அவளுக்கு சங்க இலக்கியத்தை தமிழ்ல சொல்லிக்கொடுத்தவங்க இது சிவில் சர்வீஸுக்கு வரும்னு சொல்லல, சிவில் சர்வீஸுக்கு சொல்லிக்கொடுத்தவங்க சங்க இலக்கியத்தை இங்கிலீஷ் நோட்ஸ்ல நாலு வரில முடிச்சுட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல யாருமே பாலம் போடல. அதே 2023ல கொற்கை, பூம்புகார், முசிறி மூணும் எதுக்கு பேர்போனதுன்னும் கேட்டாங்க, துறைமுகம்னு நம்ம ஊரு எட்டாங்கிளாஸ் புள்ள சொல்லும். 2024 மெயின்ஸ்ல ஒரே பேப்பர்ல காஞ்சிப் பல்லவர்கள் கலைக்கும் இலக்கியத்துக்கும் செஞ்சது என்னன்னு ஒரு கேள்வி, சோழர்களோட கலை கட்டடக்கலை சாதனை பத்தி இன்னொரு கேள்வி. நம்ம வீட்டு வாசல்ல இருக்கறதைத்தான் கேக்குறாங்க.

அடுத்தது தத்துவம், எனக்கு ரொம்ப சொல்லணும்னு இருக்கறது இதுதான். தத்துவம்னா ஆப்ஷனல் எடுக்குறவங்க மட்டும் படிக்கறதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு. பிரிலிம்ஸ்ல நேராவே வரும். 2013ல சாங்கியம் மறுபிறப்பை ஏத்துக்குதா இல்லையான்னு கேட்டாங்க, 2014ல ஆறு தரிசனத்துல (தத்துவப் பள்ளிகள்) சேராத ஜோடி எதுன்னு கேட்டாங்க, விடை லோகாயதமும் (சார்வாகம்) காபாலிகமும் (ஒரு சைவப் பிரிவு). மெயின்ஸ்ல முதல் பேப்பர்ல பண்பாட்டோட வரும், 2020ல இந்தியத் தத்துவமும் மரபும் நினைவுச் சின்னங்களை எப்படி உருவாக்குச்சுன்னு நேராவே கேட்டுட்டாங்க. நாலாவது பேப்பர் எத்திக்ஸ், 2013ல இருந்து இருக்கு, 250 மார்க், அதோட சிலபஸ்லயே இந்தியாவுலயும் உலகத்துலயும் இருந்த ஒழுக்கச் சிந்தனையாளர்கள், தத்துவவாதிகளோட பங்களிப்புன்னு எழுதியிருக்கு. கட்டுரை பேப்பர் இன்னொரு 250, ரெண்டு கட்டுரை, இப்போல்லாம் தலைப்பு பழமொழி மாதிரி ஒரே வரிலதான் வருது, யோசிக்கப் பழகாதவங்க அங்க திணறிப் போயிடுறாங்க. ஆப்ஷனலே எடுக்காதவங்களுக்கும் இவ்வளவு இடத்துல தத்துவம் தேவைப்படுது.

இப்ப பிள்ளைங்க தத்துவத்தை எப்படி படிக்கிறாங்கன்னு சொல்றேன். ஒரு டேபிள். இடது பக்கம் தரிசனத்தோட பேரு, நடுவுல நிறுவினவர் பேரு, வலது பக்கம் எத்தனை பிரமாணம். சார்வாகம் ஒண்ணு, வைசேஷிகம் ரெண்டு, சாங்கியம் மூணு, நியாயம் நாலு, இப்படி நம்பரை உருப்போடுறாங்க. பிரமாணம்னா என்னன்னு கேட்டா தெரியல. நான் அவங்ககிட்ட சொல்றது ஒண்ணுதான், அந்த டேபிளை மூடி வெச்சுட்டு மணிமேகலையை எடுங்க, இருபத்தேழாவது காதை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. மணிமேகலைங்கற பொண்ணு வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயவாதிகிட்டயும் போய் உங்க கொள்கை என்னன்னு கேக்குறா. அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி, பத்துபேரு. யுபிஎஸ்சி சிலபஸ்ல இந்தியத் தத்துவம்னு இருக்கறதுல பெரும்பகுதி அந்த ஒரு காதைல வரிசையா நிக்குது சார், அதுவும் தமிழ்ல.

அங்க பிரமாணத்துக்கு அளவைன்னு பேரு. அளக்கற கருவி, அவ்வளவுதான். நெல்லை மரக்காலால அளக்கற மாதிரி அறிவை எதால அளக்கறது? காண்டல், கருதல், உவமம், ஆகமம்னு போகும். பிரத்யட்சம்னு பத்து தடவை எழுதிப் பாத்தும் மனசுல நிக்காத புள்ளைக்கு காண்டல்னு சொன்னா ஒரே தடவைல புரியுது, கண்ணால காண்றது. அனுமானம் கருதல், அதுல என்ன குழப்பம் இருக்கு.

பூதவாதின்னு வர்றாரே அவருதான் நம்ம நோட்ஸ்ல சார்வாகம்னு வர்ற ஆளோட பங்காளி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேத்துப் போட்டா அதுல தனியா இல்லாத போதை எப்படி வந்துடுதோ அதே மாதிரி நிலம், நீர் மாதிரியான பூதங்கள் சேரும்போது உணர்வு வருது, அது பிரியும்போது உணர்வும் போயிடும், நேர்ல கண்டது மட்டும்தான் உண்மை, கருதல் எல்லாம் வேண்டாம்னு சொல்றாரு. உணர்வு, உடம்பு ரெண்டும் ஒண்ணா வேறயான்னு ஆப்ஷனல் பேப்பர்ல கேக்குற கேள்விக்கு இதைவிட தெளிவா ஒரு உதாரணம் எங்க கெடைக்கும்? அதுக்கு மணிமேகலை சொல்ற பதில் இன்னும் அழகு, உன்னோட அப்பா அம்மா இவங்கதான்னு உனக்கு அனுமானத்தால இல்லாம வேற எப்படித் தெரியும்னு கேக்குறா. கண்டது மட்டும்தான் அறிவுன்னு சொல்றவனை ஒரே கேள்வில நிறுத்திட்டா. இதை என் பிள்ளைங்ககிட்ட வாசிச்சுக் காட்டின அன்னைக்கு லைப்ரரில அவங்க போட்ட சத்தத்துக்கு லைப்ரரியன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் யாரும் சார்வாகத்தை மறக்கல.

அதே மாதிரி இருபத்தொன்பதாவது காதைல மணிமேகலையோட குரு அறவண அடிகள் தர்க்கம் சொல்லிக்கொடுக்குறாரு. இந்த மலைல நெருப்பு இருக்கு, ஏன்னா புகை இருக்கு, அடுக்களை மாதிரின்னு போகும். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். நியாய தரிசனத்துல பிரதிக்ஞை, ஹேது, உதாஹரணம், உபநயம், நிகமனம்னு மனப்பாடம் பண்றோமே அதே அஞ்சு உறுப்புதான். அடுக்களைல தெனமும் புகையைப் பாக்குற வீட்டுப் பொண்ணுக்கு இந்த அஞ்சும் புரியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

சைவ சித்தாந்தத்துல உள்ளது போகாது இல்லது வாராதுன்னு ஒரு வாக்கியம் இருக்கு, எங்க பாட்டி சாவு வீட்ல எல்லாம் அதைச் சொல்லுவாங்க. சற்காரியவாதம் அதுதான் சார். விளைவு காரணத்துக்குள்ளயே முன்னாடி இருக்கு, பானை மண்ணுக்குள்ள இருக்கு, எண்ணெய் எள்ளுக்குள்ள இருக்கு, மணலைப் பிழிஞ்சா எண்ணெய் வராது. சாங்கியம் அதைத்தான் சொல்லுது, நியாயம் அதை மறுத்து விளைவு புதுசா தோணுதுன்னு சொல்லுது. இந்தச் சண்டையை ரெண்டு பக்கமும் எடுத்து வெச்சு 250 வார்த்தை எழுதினா அதுதான் பதில். மெய்கண்டாரோட சிவஞான போதம் மொத்தமே பன்னிரண்டு சூத்திரம், அருணந்தி சிவாச்சாரியாரோட சிவஞான சித்தியார்ல பரபக்கம்னு ஒரு பகுதி முழுக்க பிற மதத்துக் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுக்கறதுதான், அங்கயும் முதல்ல நிக்கிறவன் உலகாயதன், அதாவது சார்வாகன். ராமானுஜர் பொறந்தது ஸ்ரீபெரும்புதூர்ல. அவரோட விசிஷ்டாத்வைதத்தை எங்கயோ வடக்க இருந்து வந்த பாடம் மாதிரி பயந்து பயந்து படிக்கிறாங்க.

நான் தமிழ்ப்பெருமை பேசறதுக்காக இதைச் சொல்லலைங்க. பிளேட்டோ, காண்ட், ஹெகல், விட்கன்ஸ்டைன் எல்லாம் படிக்கணும், படிச்சுத்தான் ஆகணும், அதுக்கு குறுக்குவழி கெடையாது, நானும் காண்ட் புரியறதுக்கு ஒரு வருஷம் அல்லாடினவதான். நம்ம கைல இருக்கற சாவியை முதல்ல எடுத்தா மத்த பூட்டும் தொறக்கும்னு சொல்றேன். அதுக்கு எனக்கே நடந்த ஒரு விஷயம் இருக்கு.

2018 மெயின்ஸ் எத்திக்ஸ் பேப்பர்ல மூணு மேற்கோள் கொடுத்து இன்னைய சூழல்ல இது உனக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டாங்க. ஒண்ணு லிங்கன், ஒண்ணு காந்தி, மூணாவது திருக்குறள். பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின், அந்தக் குறளோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. படிச்ச உடனே எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. இதை எங்க தமிழாசிரியை பத்தாங்கிளாஸ்ல நடத்தினப்ப, அதுக்கு முந்தின குறளையும் சேத்து வாசிக்கச் சொல்லுவாங்க, வாய்மைங்கறது எதுன்னா யாதொன்றும் தீமை இல்லாத சொல்லுன்னு வள்ளுவர் முதல்லயே வரையறை கொடுத்துட்டாரு. அப்ப உள்ளதை உள்ளபடி சொல்றதுதான் வாய்மைன்னு அவர் சொல்லவே இல்ல, யாருக்கும் கேடு வராத சொல்லுதான் வாய்மை. அந்த வரையறை இருந்தாத்தான் அடுத்த குறள் நிக்கும். இதுக்கு நேர் எதிரா காண்ட் நிக்கிறாரு, கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கன்னு கேட்டாக்கூட பொய் சொல்லக்கூடாதுன்னு 1797ல ஒரு கட்டுரையே எழுதினவரு. இன்னொரு பக்கம் விளைவைப் பாத்து முடிவு பண்ணுன்னு மில் சொல்றாரு. வள்ளுவர் மில் பக்கமும் முழுசா போகல, ஏன்னா வெறும் நன்மைன்னு சொல்லாம புரைதீர்ந்த நன்மைன்னு சொல்றாரு, குத்தமே இல்லாத நன்மை. அந்த ஒரு வார்த்தைதான் மொத்தக் குறளையும் காப்பாத்துது. நாளைக்கு ஒரு அதிகாரி பொதுநன்மைக்காகத்தான் பொய் சொன்னேன்னு சொல்ல வந்தா, அந்த நன்மைல புரை இருக்கா இல்லையான்னு அவன் முதல்ல காட்டணும். அன்னைக்கு நான் இதைத்தான் எழுதினேன். நாலு அட்டெம்ப்ட்ல, ஹால்ல உக்காந்து சந்தோஷமா எழுதின ஒரே பதில் அதுதான். அந்த வருஷம் மொத்த மார்க்ல நான் வரல, ஆனா எத்திக்ஸ் பேப்பர்ல 2013ஐ விட நல்லாவே கூடியிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த ஞாயித்துக்கிழமை குரூப்பையே ஆரம்பிச்சேன். நாங்க மாசம் ஒரு தடவை எங்கயாவது நேர்ல போயிடுவோம். தாராசுரம் பக்கத்துலயேதான் இருக்கு, ரெண்டாம் ராஜராஜன் கட்டினது, பன்னிரண்டாம் நூற்றாண்டு, 2004ல தஞ்சாவூரோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு (தஞ்சாவூர் 1987லயே வந்துடுச்சு, இதை மட்டும் தேதியா ஞாபகம் வெச்சுக்கச் சொல்லுவேன்). அங்க போனா எல்லாரும் காளையும் யானையும் ஒரே தலையில இருக்கற சிற்பத்துக்கிட்ட கூட்டமா நின்னுடுவாங்க, நான் அவங்களை இழுத்துட்டு கருவறையைச் சுத்தி கீழ அதிட்டானத்துக்கு (அடிப்பீடம்) கூட்டிட்டுப் போவேன். சின்னச் சின்னதா நாயன்மார் கதை வரிசையா செதுக்கி, கீழ பேரும் எழுதியிருக்கும். சேக்கிழார் பெரிய புராணம் பாடினது ரெண்டாம் குலோத்துங்கன் காலம், அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டினவன். அப்ப ஒரு தலைமுறைக்கு முன்னாடி பாட்டா வந்தது அடுத்த தலைமுறைல கல்லுல ஏறிடுச்சு. குயவரும் வேடரும் வண்ணாரும் அரசனும் ஒரே வரிசைல கோயில் சுவத்துல நிக்கிறாங்க. பக்தி இலக்கியம் இந்தியப் பண்பாட்டுக்கு என்ன செஞ்சதுன்னு கேள்வி வந்தா, தத்துவம் கட்டடத்தை எப்படி உருவாக்குச்சுன்னு கேள்வி வந்தா, இடைக்காலக் கோயில் சிற்பம் சமூக வாழ்க்கையை எப்படிக் காட்டுதுன்னு கேள்வி வந்தா, மூணுக்கும் அங்கயே பதில் இருக்கு. ஒரு தடவை அந்தச் சுவத்தைத் தடவிப் பாத்த புள்ள அதை மறக்காது.

போன வருஷம் மாமல்லபுரம் போனோம், வேன் வாடகைக்கு ஆளுக்கு கொஞ்சம் போட்டு. திரௌபதி ரதம் கூரை வீடு, பீம ரதத்து மேல கூண்டு வண்டி மாதிரி வளைவு, சகாதேவ ரதம் பின்பக்கம் யானை முதுகு மாதிரி. நோட்ஸ்ல அதுக்கு கஜபிருஷ்டம்னு போட்டிருப்பாங்க, தேவாரத்துல தூங்கானை மாடம்னு இருக்கு, பெண்ணாகடத்துக் கோயிலுக்கே அதுதான் பேரு. மரத்துலயும் ஓலையிலயும் கட்டினதை கல்லுல செஞ்சு பாத்த முயற்சி அதுன்னு அங்க நின்னா தானா தெரியும். அதுக்கு முன்னாடி மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன், செங்கல் இல்லாம மரம் இல்லாம உலோகம் இல்லாம சுண்ணாம்பு இல்லாம இந்தக் கோயிலைச் செஞ்சேன்னு வெட்டி வெச்சிருக்கறதை சேத்துப் படிச்சா, பல்லவர் கேள்விக்கு தொடக்கமே கெடைச்சுடும். அதே மகேந்திரவர்மன்தான் மத்தவிலாசப் பிரகசனம்னு நாடகம் எழுதினவன், காஞ்சிபுரத்துத் தெருவுல ஒரு காபாலிகனும் பௌத்த பிக்குவும் சண்டை போடுறதுதான் கதை. 2014 பிரிலிம்ஸ்ல வந்த காபாலிகத்தை ஒரு டேபிள்ல தேடுறதுக்கு பதிலா இங்க தேடியிருக்கலாமேன்னு தோணும்.

தஞ்சாவூர்ல விமானம் உசரம், கோபுரம் அடக்கம். மதுரைல, ஸ்ரீரங்கத்துல கோபுரம் உசரம், உள்ள விமானம் சின்னது. ஏன்னு கேளுங்கன்னு சொல்லுவேன். விமானத்துக்கும் கோபுரத்துக்கும் வித்தியாசம் தெரியாம எழுதுற பதில் எத்தனையோ பாத்திருக்கேன், நம்ம ஊர்ப் பிள்ளைங்களே. ஒரு சின்ன மூலக்கோயிலைச் சுத்தி நூத்துக்கணக்கான வருஷமா திருச்சுத்து (பிரகாரம்) மேல திருச்சுத்தா வளந்து, ஊரே உள்ள வந்துட்ட பிறகு வாசல்தான் பெருசாகும்னு அவங்களே யோசிச்சுச் சொல்லும்போது எனக்கு கெடைக்கற திருப்தி இருக்கே.

காசு விஷயமும் ஒண்ணு சொல்லணும். எல்லாராலயும் சென்னைக்கோ டெல்லிக்கோ போய் படிக்க முடியாது. தமிழ்நாடு அரசு நான் முதல்வன் திட்டத்துல ஆயிரம் பேருக்கு மாசம் 7,500 ரூபா பத்து மாசத்துக்குக் கொடுக்குது, பிரிலிம்ஸ் பாஸ் பண்ணினா 25,000 கொடுக்குது, அது பெரிய விஷயம், எங்க குரூப்லயே அதை நம்பி படிக்கிறவங்க இருக்காங்க. ஆனா தமிழ்ல எழுதுறவங்களுக்கு பண்பாடு, தத்துவம் ரெண்டுக்கும் நல்ல மெட்டீரியல் கெடைக்கறது கஷ்டம். மெயின்ஸை தமிழ்ல எழுத அனுமதி இருக்கு, கேள்வி மட்டும் இங்கிலீஷ்ல இல்ல இந்தில வரும். அப்ப தமிழ்ல எழுதுற புள்ள ரெண்டு மொழிலயும் அந்தச் சொல்லைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும், இல்லேன்னா வடக்கிருத்தல் கதைதான் ஆகும்.

அதனால உங்ககிட்ட கேக்குறது இது. வாரத்துக்கு அரைப்பக்கம் கொடுங்க. ஒரு வாரம் ஒரு இடம் இல்ல ஒரு கருத்து, அது மட்டும். சித்தன்னவாசல் ஓவியம்னா வெறும் யாரு வரைஞ்சாங்கன்னு மட்டும் போடாம சமணத்துல அந்தத் தாமரைக்குளம் எதுக்கு வந்துச்சுன்னு சேத்துப் போடுங்க. ஆசீவகம்ங்கற பழைய சமயம்னா மணிமேகலைல வர்ற ஆசீவகவாதியையும் அசோகர் பராபர் மலைல அவங்களுக்குக் கொடுத்த குகையையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. யுபிஎஸ்சில முந்தி வந்த கேள்வி ஒண்ணை அப்படியே தமிழ்ல போட்டு, அதுல வர்ற பேரை எல்லாம் கேள்வித்தாள்ல எப்படி எழுத்துக் கூட்டியிருப்பாங்களோ அதையும் போடுங்க. எழுதறதுக்கு ஆள் வேணும்னா ரிட்டயர் ஆன கல்லூரி ஆசிரியர்கள் எத்தனையோ பேர் நம்ம ஊர்கள்ல இருக்காங்க, கல்வெட்டு படிக்கத் தெரிஞ்சவங்க, சித்தாந்தம் பாடம் நடத்துறவங்க, யாரும் கேக்காததால சும்மா இருக்காங்க. கேட்டா சந்தோஷமா எழுதிக் கொடுப்பாங்க. நானும் என்னால முடிஞ்சதை எழுதி அனுப்பறேன், பேரு கூட போட வேண்டாம்.

ஒருவரிக் கேள்வி பதிலை நிறுத்தச் சொல்லல, க்ரூப் 4 எழுதுறவங்களுக்கு அது வேணும்.

அன்னைக்கு அழுதுச்சுன்னு சொன்னேனே அந்தப் பொண்ணு, திரும்ப எழுதுறா. அவதான் ஒரு பெரிய லாங்சைஸ் நோட்டு வாங்கி, அட்டையில 'அரைப்பக்கம்'னு எழுதி லைப்ரரி பீரோல வெச்சிருக்கா, நீங்க போட ஆரம்பிச்சா வாராவாரம் வெட்டி ஒட்டறதுக்கு. இப்போதைக்கு முதல் பக்கத்துல அவ கையால வெண்ணிக்குயத்தியார் பாட்டை எழுதியிருக்கா, பக்கத்துல கேள்வித்தாள்ல வந்த அந்த ஸ்பெல்லிங்கையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.